இரண்டு மேசையில் ஒரு கல்

எங்கள் குடியிருப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்க வரும் மெக்கானிக், யார் கையிலிருந்தும் எதையும் வாங்கமாட்டார், யார் கையிலும் எதையும் தரமாட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் மருந்துக்கடைக்காரர்.

"மாத்திரையை நீட்டினா, அங்க வச்சிடுங்கங்கறார். நான் வச்சுட்டுக் கையை எடுத்தப்புறம்தான் தொடறார். என் கைல என்ன சீக்கா இருக்கு?"

இப்படி ஒரு கேள்வி கிளம்பிவிட்டால் பதில்களுக்கா பஞ்சம்? கோர்ட் சம்மனைக் கையில் வாங்காமல் தப்பித்துத் தப்பித்தே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்றார் முதல் மாடிக்காரர். தோல் வியாதி என்றார் அவர் மனைவி. திமிர் என்றார்கள் மற்ற எல்லோரும், அதில் யோசிக்க வேலையில்லை என்பதால். பால் பாக்கெட் போடுகிறவர் மட்டும், "என்கிட்ட யாருமே கைல வாங்கறதில்லையே, வாசல்லதானே போட்டுட்டுப் போறேன்" என்று அவர் பக்கம் பேசினார்.

வதந்தியைச் சரிபார்ப்பது என் தொழில் அல்ல. பரப்புவதுதான் கதை எழுதும் என் தொழிலுக்குக் கொஞ்சம் பக்கத்துச் சொந்தம். இருந்தாலும் அடுத்த முறை லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றபோது, மோட்டார் அறைச் சாவியை நானே எடுத்துக்கொண்டு படியேறினேன். மெக்கானிக் நான்காம் மாடி நடையில் நின்றிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. சட்டைப்பையில் ஒரு டெஸ்டர், அதன் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. சாவியை நீட்டினேன்.

"அந்தப் படில வச்சிடுங்க சார்."

நான் வைக்கவில்லை. நீட்டியபடியே நின்றேன். அவரும் நின்றார், கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் அவசரப்பட்டார். "சாவியைக் குடுக்கறீங்களா, இல்ல நான் இங்கயே அடுப்பைப் பத்த வைக்கட்டுமா?"

படியில் வைத்தேன். எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் மளிகைப் பையும் மனத்தாங்கலுமாக வெளியே வந்து போன பிறகு, நேராகவே கேட்டேன். அவரும் நேராகவே சொன்னார்.

"அது கல் சேர்க்கறவங்க பழக்கம் சார். நான் கீழ வச்சு, என் கை விலகினதும்தான் நீங்க எடுக்கணும். கைக்குக் கை மாத்தினா நடுவுல ஒரு நொடி அது யார் கைலயும் இருக்காது. விழுந்துட்டா யார் போட்டதுன்னு ஜென்மத்துக்கும் முடிவாகாது."

"கல் சரி. சாவி விழுந்தா உடையாதே?"

"கைக்கு அது தெரியுமா சார்? பழக்கினா பழக்கினதுதான்."

லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை செய்யும்போதுகூட, கூட்டாளி ஸ்பேனரைக் கூரையில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் எடுப்பாராம். சம்பளக் கவர் கொடுக்கும் காசாளர், அவரைக் கண்டதும் கவரை மேசையில் போட்டுவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாராம்.

"அப்படி என்ன கல்?" என்றேன். மனிதரின் முகமே மாறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றார்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. "கல் பார்க்கவா? செருப்பைக் கழட்டுங்க, கைப்பையைக் கீழ வைங்க, கையை வீசி நடக்காதீங்க" என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு உள்ளே விட்டார். டிவி வைப்பதற்காகச் செய்த சுவர் அலமாரியில் டிவி இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கால்சைட் என்ற கல். டிவி சமையலறையில், அரிசி டப்பாவுக்குமேல் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

கால்சைட் என்பது வைரத்துக்கு உறவு என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. சாக்பீஸுக்கும் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புக்கும்தான் உறவு. அந்தக் குடும்பத்தில் படிகமாகப் பிறந்து நல்ல இடத்தில் வளர்ந்த பிள்ளை. ஒரு செப்புக் காசால் கீறினால் கோடு விழுந்துவிடும், அவ்வளவு மென்மை. நகை செய்ய லாயக்கில்லை. "அதனாலதான் சார் அழகு. எதுக்கும் உதவாது" என்றார் மெக்கானிக். மனைவி சமையலறையிலிருந்து, "அதை இவர் சொன்னா அழகு, நான் சொன்னா சண்டை" என்றார்.

ஒன்று நாய்ப்பல் வரிசைபோலக் கூர்கூராக நின்றது. ஒன்று வெள்ளை அப்பளங்களை நெருக்கி அடுக்கியதுபோல. ரோஜா நிறத்தில் ஒன்று, தொட்டால் கரைந்துவிடும் என்று பயமாக இருந்தது. அதன் பக்கத்தில், ஒருபக்கம் சாய்ந்துபோன கண்ணாடிப் பெட்டிபோலத் தெளிவாக ஒரு கட்டி. அதைச் செய்தித்தாள்மேல் வைத்தார். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"சம்பளச் சீட்டு மேல வைங்கன்னா வைக்கமாட்டார் சார்" என்றார் மனைவி. "கரன்ட் பில் மேல வச்சுப் பார்த்துட்டு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார்."

நடுத்தட்டில், கறுப்பு வெல்வெட்டின்மேல் தேன் நிறத்தில் ஒரு கல். உள்ளங்கை அகலம். வண்ணத்துப்பூச்சியின் ஒற்றை இறக்கைபோல, மேலே விரிந்து அடியில் குறுகியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல ஒரே சமதளம். அழகுதான். ஆனால் பக்கத்தில் இருக்கவேண்டியதைக் கண் தேடியது.

"இன்னொரு இறக்கை?"

அவர் வெல்வெட்டின் சுருக்கத்தை நீவினார். சமையலறையில் பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது.

"எங்கண்ணன்கிட்ட" என்றார் மனைவி.

அண்ணன் என்பவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே பைத்தியம். குவாரி குவாரியாகச் சேர்ந்து அலைந்தவர்கள். அந்த இரட்டைக் கல்லைப் பாதிப் பாதி போட்டுத்தான் வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே, இந்தக் கூடத்திலேயே, ஒருவர் நீட்ட, ஒருவர் வாங்க, கல் நடுவே விழுந்து மேசை விளிம்பில் பட்டு இரண்டாகிவிட்டது. "நீங்க பிடிச்சிட்டீங்கன்னு விட்டேன்" என்றார் மாப்பிள்ளை. "நீங்க விடலைன்னு நான் பிடிக்கலை" என்றார் மச்சான். ஆளுக்கு ஓர் இறக்கையோடு பிரிந்தார்கள். அதற்கப்புறம் மச்சான் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஆனால் கல் ஆர்வலர் சங்கத்தை இருவராலும் விட முடியவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் ஆண்டுதோறும் கண்காட்சி. ஒரு கோடியில் மாப்பிள்ளை மேசை, எதிர்க்கோடியில் மச்சான் மேசை. இரண்டிலும் அரை அரை வண்ணத்துப்பூச்சி. பார்க்க வருகிறவர்கள் இந்த இறக்கையை மனத்தில் பிடித்துக்கொண்டு, யார்மீதும் மோதாமல் மண்டபத்தைக் கடந்து, அந்த இறக்கையோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் தெரிந்தவர் யாராவது குசலம் விசாரித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து நடக்கவேண்டும்.

இந்த வருடம் மண்டபத்துக்குக் கூரை மாற்றுகிறார்கள். சங்கத்துக்குக் கிடைத்தது ஒரு வகுப்பறை. ஒரு மேசைக்கு இரண்டு பேர். மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் ஒரே மேசை. சேர்ந்து வைக்க இஷ்டமில்லை என்றால் இருவருக்கும் இடமில்லை என்று சங்கம் சொல்லிவிட்டது.

"எனக்கு அது முழுசா நிக்கறதை ஒரு தடவை பார்க்கணும் சார்" என்றார் மெக்கானிக். "நாங்க பார்த்ததே அரைமணி நேரம்தான்."

"போய்க் கேளுங்களேன்."

"நான் போய்க் கேட்கமாட்டேன். அவர் கொண்டுவந்து தரட்டும்."

என் பழைய கண்ணாடிக்குத் திருகு ஆணி தளர்ந்திருந்தது. அந்தச் சாக்கில் கடைவீதிக்குப் போனேன். கண்ணாடிக்கடைக்காரர் ஆணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்: "நான் எதுக்குக் கொண்டுபோய்த் தரணும்? அவர் வந்து எடுத்துக்கட்டும். வேணாம்னா சொன்னேன்?" மேசை இழுப்பறையைத் திறந்து மற்ற இறக்கையைக் காட்டினார். லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றி வைத்திருந்தார். கடையிலேயே நல்ல துணி அதுதான் என்று தோன்றியது.

ஒருவர் தரட்டும் என்கிறார், ஒருவர் எடுக்கட்டும் என்கிறார். கண்காட்சியோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. இதைப் போய் மெக்கானிக்கின் மனைவியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தரவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். மேசை எதுக்கு இருக்கு?" என்றார். அண்ணனுக்கு போன் போட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் வர்றே. வரலைன்னா இங்க இருக்கிற பாதியை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக்கிடுவேன்."

சனிக்கிழமை வந்தார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"வாங்க மச்சான்" என்றார் மெக்கானிக், அலமாரியைப் பார்த்துக்கொண்டு.

"வர்றேன் மாப்ளே" என்றார் மச்சான், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

மேசைமேல் நாலாக மடித்த துண்டு விரித்திருந்தது. மச்சான் தன் இறக்கையை வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். மாப்பிள்ளை தன்னுடையதை வைத்துவிட்டுப் பின்வாங்கினார். இரண்டு கல்லும் துண்டில் கிடந்தன. இரண்டு மனிதரும் இரண்டு சுவரோரம்.

"அன்னைக்கு நீங்க மட்டும் ஒழுங்காப் பிடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"விட்டது யாரு?" என்றார் மச்சான்.

"ரெண்டு பேரும்தான்" என்றார் மனைவி.

இருவரும் திரும்பினார்கள்.

"நான் டீ கொண்டுவந்தேன். ரெண்டு பேரும் கல்லை விட்டுட்டு டீக்குக் கையை நீட்டினீங்க. டீயை ஆளுக்கொண்ணா கரெக்டாப் பிடிச்சீங்க. அது சிந்தவே இல்லை."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"இத்தனை வருஷம் ஏன்டி சொல்லலை?" என்றார் கணவர்.

"சொல்லியிருந்தா டீ கொண்டுவந்தது தப்புன்னு ஆயிருக்கும்."

மெக்கானிக் மெல்ல மேசைக்கு வந்து இரண்டு இறக்கைகளையும் நிமிர்த்தி, வெட்டுமுகத்தோடு வெட்டுமுகம் சேர்த்தார். தேன் நிறம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்தது. மச்சான் மூச்சை உள்ளே இழுத்தார். மாப்பிள்ளை மூச்சை விடவில்லை.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். "அடில ஒரு சில்லு இல்லையே."

நிஜம்தான். இறக்கைகள் சேரும் அடியில், சுண்டுவிரல் நகமளவு ஒரு பள்ளம்.

"உங்க பாதியோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சே மச்சான். நான் பார்த்தேன்."

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "வினிகர்ல போட்டேன்" என்றார் கடைசியில்.

கால்சைட் புளிப்புப் பட்டால் பொங்கிக் கரைந்துவிடும், அசலா என்று பார்க்க அதுதான் சோதனை என்று மனைவி என் காதில் சொன்னார்.

"எதுக்கு மச்சான் போட்டீங்க?"

"விக்கிறவன் நம்மள ஏமாத்தியிருந்தான்னா, கல்லு போலின்னு தெரிஞ்சா, சண்டையை விட்டுடலாமேன்னு பார்த்தேன். சோடா மாதிரி பொங்கிடுச்சு. அசல்தான்."

"உடனே எடுத்திருக்கலாமே?"

"எடுக்கலாம்னுதான் போனேன். கஸ்டமர் வந்துட்டார். கிட்டப்பார்வை, தூரப்பார்வை ரெண்டும் அவருக்கு. அவரை அனுப்பிட்டு மறந்தே போயிட்டேன், மறுநாள் பார்த்தா வெறும் வினிகர்தான் இருந்துச்சு."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். "சரி. எனக்கு ஒரு சில்லு தரணும் நீங்க" என்றார்.

"தர்றேன்."

கண்காட்சியில் அந்தக் கல் முழுதாக நின்றது. மெழுகு வைத்து நிமிர்த்தி, உடைந்து சேர்த்தது என்று மறைக்காமல் அட்டையில் எழுதியிருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் மச்சான். யாராவது அடியிலிருந்த பள்ளத்தைக் காட்டிக் கேட்டால், "அது வரவேண்டியிருக்கு" என்பார் ஒருவர். "தர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்பார் மற்றவர். கேட்டவர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்.

முழுக்கல் இப்போது மெக்கானிக் வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வருகிறார். வரும்போதெல்லாம் எங்கேயாவது தேடிப்பிடித்த தேன் நிறச் சில்லு ஒன்றைத் துண்டின்மேல் வைக்கிறார். போன வாரம் நானும் இருந்தேன். மெக்கானிக் வெகுநேரம் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"நிறம் ஒத்துப்போகுது மச்சான். நல்ல சில்லுதான். நம்ம கல்லு இல்ல."

மச்சான் அதைக் கைக்குட்டையில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "தர்றேன்னா தர்றேன் மாப்ளே."

"நான் எங்க கேட்டேன்?" என்றார் மெக்கானிக். கேட்கவில்லைதான். விரல் மட்டும் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தது.