பிரிட்ஜ் சாவி

என் மகளுக்கு அந்தச் சிவப்புப் பாட்டிலை முதன்முதலில் திறந்து கொடுத்தது நான்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னை ஏதோ புண்ணியவதி என்று நினைத்துவிடுவீர்கள்.

மலைமேல் காவலூர் பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு பெட்டிக்கடை. முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் பிரட்டும் சாத்துக்குடியும் வாங்குவார்கள். இப்போது சிவப்புப் பாட்டிலில் வரும் எனர்ஜி டிரிங்க். குடித்தால் படுத்தவருக்குத் தெம்பு வந்துவிடும் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் நம்பிக்கை, எனக்கும்தான். பதினொன்றாம் வகுப்பில் மகள் டைபாய்டு வந்து கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் என் கடையிலேயே வாங்கி என் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். கஞ்சியைத் துப்பியவள் அதைக் குடித்தாள். நான் பூரித்துப்போனேன்.

காய்ச்சல் போனது, பாட்டில் போகவில்லை. கடையில் உட்கார்ந்துதான் படிப்பாள், பிரிட்ஜ் கைக்கெட்டும் தூரம். நாளுக்கு ஒன்று மூன்றானது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது பேனா பிடித்த விரல் நடுங்கியது. தூக்கமே கிடையாது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நெஞ்சு படபடக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாவிடம், "சத்தாத்தான் குட்துனு இருக்கேங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

"அது சத்து இல்லம்மா. இந்த வயசுப் பசங்க யாருமே அதைத் தொடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துங்க."

அன்றே பிரிட்ஜுக்குப் பூட்டு போட்டு, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன். முதல் வாரம் நாளுக்கு ஒரு பாட்டில், அடுத்த வாரம் அரை, அப்புறம் ஒரு டம்ளர். அதற்கு மேல் கேட்டால் மலைத்தேன் விட்ட எலுமிச்சைத் தண்ணீர். அதை என் காலடியிலேயே கொட்டினாள். மண்டை பிளக்கிறது என்று சுவரில் முட்டிக்கொண்டாள்.

"இன்னாம்மா, வூட்லயே என்ன திருடின்னு பூட்டு போட்டுக்கினியா?"

"ஆமா. திருடிதான்."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். ஆனாலும் சாவியைத் தரவில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பழக்கத்தை விட்டாள். இரண்டு மாதத்தில் கையெழுத்து பழையபடி நேராக வந்தது. வீட்டில் சண்டை போனது, சிரிப்பு வந்தது.

கடையில் மட்டும் எதுவும் மாறவில்லை. பிரிட்ஜே பாட்டில் கம்பெனிக்காரன் கொடுத்தது. மேல் இரண்டு தட்டில் சிவப்புப் பாட்டில் நிற்காவிட்டால், திருப்பத்தூரிலிருந்து வரும் கம்பெனி வண்டி பிரிட்ஜையே தூக்கிக்கொண்டு போய்விடும். பாலும் தயிரும் அதே பிரிட்ஜில்தான் இருந்தன, அவற்றை வைத்துத்தான் எங்கள் சோறு. ஏன் இன்னும் விற்கிறாய் என்று மகள் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு காலை, கீழே போகும் பஸ் புறப்படும் நேரம். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "அக்கா, பொண்ண ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம், ஜொரம். தெம்பா ஒண்ணு குடுங்க."

குனிந்து பூட்டைத் திறந்தேன். அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டபோது என் மகள் எழுந்து வந்தாள்.

"அத்தை, அது வாணாம். நானும் அப்டித்தான் ஆரம்பிச்சேன். கையெல்லாம் நடுங்கும், நெஞ்சு அடிச்சிக்கும். டாக்டரே வாணாம்னாங்க. எங்கம்மாவ கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அது சும்மா சொல்லுது. நீ எட்துனு போ" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. யோசிக்கக்கூட இல்லை. அவள் பஸ் ஏறினாள். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை.

நாலாம் நாள் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கே அந்தப் பெண்ணும் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"கஞ்சியே வாணாம்னுது, அத மட்டும் குடிக்கிதுக்கா. இன்னும் ரெண்டு குடுங்க."

மகள் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. நான் சாவியை எடுத்தேன்.