பேரு மாற்றிய சனிக்கிழமை

கிருஷ்ணஸ்வாமிக்கு எதையும் இரண்டு முறை பார்த்தால்தான் திருப்தி. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் செய்து அனுப்பியதில் என்ன கோளாறு என்று தேடத்தான் சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை, வீட்டார் மாட்டிக்கொண்டார்கள். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சிலிண்டர் கொண்டுவருகிறவரை நிற்கவைத்து முத்திரையைத் தடவிப் பார்ப்பார்.

"என்னைக் கட்டிக்கறப்ப மட்டும் எப்படி சும்மா வுட்டீங்களோ" என்பாள் மனைவி கனகவல்லி.

"அப்ப நான் வேலையில சேரல" என்பார் சிரிக்காமல்.

நிக்டியில் இருந்த வரிசை வீடு அவர் பெயரில் இருந்தது. அதில் மகன் முரளியும் மருமகள் வைஷாலியும் கூட இருந்தார்கள். வைஷு கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தோட்டக்கலை படித்துவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கிறாள். மராத்தி பேசும் ஊரிலேயே வளர்ந்ததால் அவள் பேசும் தமிழில் பாதி மராத்தி. கல்யாணமான புதிதில், விருந்தாளிகள் முன்னால் பூந்தொட்டிக்கு மராத்திச் சொல்லைப் போட்டு, "மாமா, உங்க குண்டி ஒண்ணு உடைஞ்சிருக்கு" என்றாள். கனகவல்லி அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் விளக்க வேண்டியதாயிற்று.

வாசலில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் மண் இருந்தது. அங்கே நின்ற முருங்கை போன மழையில் சாய்ந்துவிட்டது. கிருஷ்ணஸ்வாமிக்குக் கொய்யா வைக்க ஆசை. ஆனால் வைஷுவிடம் ஒரு கிறிஸ்துமஸ் மரம் இருந்தது. ஊசி இலையோடு தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்கும் ஊசியிலை மரம். பள்ளிக்கூடக் காலத்தில் அவள் தொட்டியில் வைத்து வளர்த்தது. இப்போது அவள் தோள் உயரம். அவளுடைய அப்பா ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அதை இங்கே கொண்டுவந்திருந்தாள்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தே அவர் கேட்டார். "உன் மரத்த மண்ணுல வெக்கறதா, கொய்யாவா? நீயே சொல்லும்மா."

"நீங்க சொன்னதுதான் மாமா. கொய்யா இந்த ஊர் மண்ணுக்கு சரி. மூணு வருஷத்துல பழம். எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். என் ஜாட், அதான் இந்த மரம், மண்ணுல போனா கரண்ட் ஒயர் வரைக்கும் போயிடும். உச்சியை வெட்டி சின்னதா வெக்கலாம்னாலும் முடியாது. ஒருதடவை வெட்டினா அவ்வளவுதான், அந்த ஷேப் திரும்ப வராது. அது தொட்டியிலயே இருக்கட்டும். எங்க போனாலும் கூட எடுத்துட்டுப் போலாம்."

கேட்டது கிடைத்துவிட்டதே என்று வேறு ஒருவராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கிருஷ்ணஸ்வாமி சந்தேகப்பட்டார். தான் வளர்த்த மரத்துக்கு எதிராகத் தானே பேசுகிறவளை எப்படி நம்புவது? அதோடு, எங்கே போகப் போகிறார்கள்? தெருவில் இரண்டு வீடுகளை ஒரு பில்டர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். மண்ணில் வைத்த மரம் வீட்டோடு போகும், தொட்டியில் இருப்பது கூட வரும். விற்கிற எண்ணம் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த யோசனை தோன்றும் என்று அவர் முடிவுகட்டினார்.

நர்சரிக்கு அவரே போனார். முக்கால் மணி நேரம் இலை இலையாகப் புரட்டிப் பார்த்து ஓர் ஒட்டுக் கொய்யாக் கன்றைத் தேர்ந்தெடுத்தார். ஜூன் கடைசியில் நட்டார். ஜூலை நடுவில் ஒரு நாள், வைஷு வாசலில் குந்தி உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் போனை மறைத்தாள். வீட்டைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புகிறாள்?

வியாழக்கிழமை அவள் பின்கட்டில் நின்று முரளியிடம் போனில் பேசியது காதில் விழுந்தது.

"மாமாகிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டாரு. சனிக்கிழமை பென்ஷன் மீட்டிங்குக்கு கட்கி போறாருல்ல, அப்ப ஆள வரச்சொல்லிருக்கேன். அவர் வர்றதுக்குள்ள பேரு மாத்திடலாம். தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடுவாரு."

மராத்தியில் பேரு என்றால் கொய்யா. நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவருக்கு அது தெரியாதா? காய்கறிச் சந்தையில் அவரே அப்படித்தான் கேட்டு வாங்குவார். ஆனால் ஒரு மாதமாக வீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த காதில் வீட்டுப் பத்திரத்தில் இருந்த பேருதான் விழுந்தது. தன் கையெழுத்து இல்லாமல் எப்படி மாற்றுவார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. கள்ளக் கையெழுத்துப் போடவா ஆள் கிடைக்காது என்று அடுத்த கணமே தோன்றியது. வெள்ளிக்கிழமை பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துத் தோல்பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது, வாசலில் அந்த ஊசியிலை மரம் பச்சைப்பசேலென்று நின்றது. தூக்கிக்கொண்டு போகத்தானே தொட்டியில் வைத்திருக்கிறாய் என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தரியை எடுத்து உச்சியை ஒரு சாண் நறுக்கினார். திரும்ப வராது என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. இருந்ததால்தான் நறுக்கினார்.

கட்கிக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க வீட்டுக்குத் திரும்பினார்.

வாசலில் வக்கீல் இல்லை, பில்டரும் இல்லை. நர்சரி டெம்போ நின்றது. ஒரு மராத்திக்காரர் கடப்பாரையோடு இருந்தார். வைஷு முழங்கை வரை சேறாகிக் குழிக்குள் கை விட்டிருந்தாள். அவர் நட்ட கொய்யா பிடுங்கி ஓரமாகக் கிடந்தது. பக்கத்தில் அதே உயரத்தில், அதே மாதிரி வேறொரு கன்று.

"அய்யோ மாமா, அதுக்குள்ள வந்துட்டீங்களா!" வைஷு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொன்னா கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல. நீங்க வாங்கினதுல ஒட்டு செத்துப்போச்சு. கீழேருந்து காட்டுக் கொய்யாதான் துளிர்க்குது. போட்டோ எடுத்து நர்சரிக்கு அனுப்பினேன், மாத்தித் தர்றேன்னாங்க. நீங்களே பாத்துப் பாத்து வாங்கினது, அதான் தெரியாம பேரு மாத்திடலாம்னு..."

"பேருன்னா... இதுவா?" என்றார். "நான் வேற பேருன்னு நெனச்சேம்மா."

வைஷு விழுந்து விழுந்து சிரித்தாள். கதவருகில் நின்ற கனகவல்லியும் சிரித்தாள். அப்போதுதான் அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த தோல்பை வைஷு கண்ணில் பட்டது.

"அது என்ன மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. "வூட்டுப் பத்திரம்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் தலையைத் திருப்பித் தன் மரத்தைப் பார்த்தாள். வெட்டின இடத்தில் பிசின் வெள்ளையாகக் கசிந்து நின்றது. "வெளிய வந்தப்பவே பாத்தேன், யாரோ வெட்டிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

"நான்தாம்மா. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

"பரவால்ல மாமா" என்றாள். மறுபடி குழியில் குனிந்து, புதுக் கன்றை நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்தாள். தண்ணீரும் அவளே ஊற்றினாள்.

இரண்டு வாரத்தில் கொய்யா புது இலை விட்டது. மற்ற மரம் உச்சி மொட்டையாகவே நின்றது. வைஷு எதிலும் குறை வைக்கவில்லை. காபி நேரத்துக்கு வந்தது, ரத்த அழுத்த மாத்திரை கைக்கு வந்தது. ஒன்றுதான் மாறியது. போன் வந்தால் முன்பெல்லாம் பின்கட்டுக்குப் போவாள். இப்போது நேராக ஹாலுக்கு வந்து, அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினாள். முரளியோடும் அப்படித்தான். அவள் அம்மா தன் முழங்கால் வலியைச் சொல்லி அழுதபோதும் அப்படித்தான் பேசினாள்.

அவரால் தாங்க முடியவில்லை. "உள்ள போய்ப் பேசும்மா. நான் எதுவும் கேக்கல."

"இருக்கட்டும் மாமா" என்றாள் மரியாதையாக. "நீங்களும் கேளுங்க."