கொளஞ்சி அக்கா சுரண்டிய சிவப்பு

செவ்வாய்க்கிழமை காலை சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கடலூரிலிருந்து வரும் முதல் பஸ் எங்கள் பட்டறை வாசலில் நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. கண்டக்டர் இறங்கி, தோளில் டிக்கெட் பையோடு உள்ளே வந்தார்.

"இங்க கலியமூர்த்தின்றது யாருங்க?"

நான்தான் என்றேன்.

"கடலூர் ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தர் சொல்லி அனுப்பினாரு. கொளஞ்சியம்மா விடியக்காலம் பூட்டாங்களாம். வூட்டுக்குக் கொண்டாராங்களாம். உங்ககிட்ட மொதல்ல சொல்லச் சொன்னாரு."

என் கையிலிருந்த யானைப் பொம்மை இன்னும் சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கண்டக்டரே அதை வாங்கி மணல்மேல் வைத்துவிட்டுப் போனார்.

கொளஞ்சியம்மாள் எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறையின் வர்ணப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவர் வேலை. வயது நாற்பத்திரண்டு. மஞ்சள் காமாலை மூன்று வாரத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. ரயில்வேயில் வேலை பார்க்கும் கணவரும், பத்து வயது மகள் தமிழ்ச்செல்வியும் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பட்டறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: பொறுமைசாலி. ஒருவர் "பொறுமையின் வடிவம்" என்றார். என்னால் உட்கார முடியவில்லை, பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரோடு ஒரே கூரையின் கீழ் பதின்மூன்று வருஷம் வேலை செய்தவன் நான். அக்காவுக்குப் பொறுமை என்பது கொஞ்சமும் கிடையாது. இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பொய் சொல்வதற்கு இவ்வளவு பேர் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் அச்சுப் பிரிவில் சேர்ந்தேன். முதல் வாரமே நான் வார்த்த பன்னிரண்டு பொம்மைகளையும் தட்டோடு தூக்கிக்கொண்டு அக்கா என் எதிரில் வந்து நின்றார். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோடு பொம்மைகளின் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"மூஞ்சியில தழும்போட அனுப்பிச்சிருக்கியே தம்பி, இதுக்கு நான் கண்ணு எழுதுனா, அது மொதல்ல ஒன்னத்தான் மொறைக்கும், தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பன்னிரண்டையும் நான் ஈரத்துணியால் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார். கரண்டு போனால் திட்டுவார். அணில் முடித் தூரிகையின் நுனி பிரிந்தால் திட்டுவார். கோபம் முற்றினால் தூரிகையின் காம்பைக் கடித்துக்கொள்வார். அவருடைய தூரிகைகள் எல்லாவற்றிலும் பல் பதிந்த தடம் இருக்கும். ஆனால் பிரஷ்ஷைக் கண்ணில் வைக்கும்போது கை நடுங்கி நான் பார்த்ததில்லை. வெளியே இருந்து பார்த்தவர்கள் அந்தக் கையை வைத்துத்தான் பொறுமை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தார். நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இளவயதில் கப்பலேறியவர். அக்காவின் கல்யாணத்துக்கு வரவில்லை, அம்மா செத்ததற்கும் வரவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, "கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி வரேன்" என்று ஊருக்குப் போய்விட்டார். ஆறு வாரம் லீவாம்.

மறுநாள் அக்கா அந்தப் பொம்மையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டார். போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சாண் உயரத்தில் தகரத்தால் செய்த இயந்திர மனிதன். காலைப் பின்னால் மடக்கி, தலையை நெஞ்சுக்குள் அழுத்தி, கைகளை விலாவோடு சேர்த்தால் லாரியாக மாறிவிடும். அதுபோன்ற ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வேலையை விட்டுவிட்டு ஆளாளுக்கு மடக்கிப் பார்த்தோம். இடது கை இல்லை. மேலே பூசியிருந்த சிவப்பு திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. பூச்சுக்குள் பிரஷ் முடிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

"யாரு வூட்டுப் புள்ளையோ வெளையாடித் தூக்கிப் போட்டது" என்றார் அக்கா. "மேல எவனோ வேல தெரியாதவன் பூசி வேற வச்சிருக்கான். எம் பொண்ணு கையில குடுத்துட்டு, 'பையன் எங்க?'ன்னு கேக்குறாரு எங்கண்ணன். எனக்கு இருக்குறது பொண்ணுன்னே தெரியல அந்த மனுசனுக்கு."

பேசிக்கொண்டே சிறு கத்தியை எடுத்துச் சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரம் முழுக்கச் சுரண்டினார். தூள் அவர் மடியிலும் தரையிலும் விழுந்தது. இரண்டு நாளில் தகரம் பளபளவென்று வந்துவிட்டது. வலது அக்குளில், கை திரும்பும் மடிப்புக்குள் மட்டும் கத்தி போகவில்லை. அங்கே ஒரு நகக்கண் அளவுக்குச் சிவப்பு நின்றுவிட்டது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது தெரியும். தெரியும்போதெல்லாம் அக்கா அதைத் திட்டுவார்.

அவர் என்ன நினைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வேப்பூர் ரோட்டில் போகும் லாரிகளைப் போல் பச்சையும் மஞ்சளும் அடித்து, கதவில் தாமரை எழுத வேண்டும். நிமிர்த்தினால் அது பெண்ணாக நிற்க வேண்டும். "இதுக்குப் பொட்டு வைம்மா" என்று தமிழ்ச்செல்வி கேட்டிருக்கிறாள். இல்லாத இடது கையை நான் செய்துதர வேண்டும்.

முதலில் எங்கள் பட்டறை வர்ணத்தையே கோந்தில் குழைத்துப் பூசினார். அருமையாக இருந்தது. மறுநாள் தமிழ்ச்செல்வியின் கை, கன்னம், பாவாடை எல்லாம் பச்சை. சூளையில் வேகாத வரைக்கும் அந்த வர்ணம் வெறும் மண்தான், தகரத்தைச் சூளையில் வைக்கவும் முடியாது. கழுவி எடுத்துவிட்டு எனாமல் பெயின்ட் வாங்கி அடித்தார். அது தடித்துப்போய், தலை நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது. அழுத்தினார். பூச்சு வெடித்து உரிந்தது. உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் ஆரம்பித்தார். இந்த முறை டர்பன்டைனில் தண்ணீர் போலக் கரைத்து, ஒரு பூச்சுக்கு இரண்டு நாள் காயவிட்டார். லாரியாக நன்றாக இருந்தது. நிமிர்த்தி மடக்கினால் முட்டியில் கோடு விழுந்தது.

என் பாடு அதைவிட மோசம். மண் காயும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும். நான் முதலில் செய்த கை வெந்து வந்தபோது கைக்குழந்தையின் கைபோல் இருந்தது. அடுத்ததைப் பெரிதாகச் செய்தேன். நின்றால் பொருந்தியது, மடக்கினால் விரல் லாரிக் கதவில் இடித்தது. மூன்றாவது, சூளையில் விரிசல் விட்டது. சூளை வாரத்துக்கு ஒருமுறைதான். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வாரம் போனது.

விரிசல் விட்ட கையைக் கண்டதும் அக்கா அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார்.

"கண்ண மூடிக்கிட்டா செய்யுற?"

எனக்கும் பொறுக்கவில்லை. "ஒரு வெளையாட்டுச் சாமானுக்கு இவ்ளோ பாடா அக்கா? வுட்டுத் தொலைங்களேன்!"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அக்கா பக்கத்தில் வந்து, குரலை இறக்கிப் பேசினார். அவர் குரல் இறங்கினால்தான் பயம்.

"வெளையாட்டுச் சாமானா? ஆத்தா செத்தப்ப வராத மனுசன், ஊரான் குப்பையக் கொண்டாந்து எம் பொண்ணு கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. அவரு மறுபடி வர்றப்ப, இது தான் குடுத்ததுன்னு அவருக்கே தெரியக் கூடாது. 'நீ குடுத்தது அந்த மூலையில கெடக்குது, இது நாங்க சம்பாதிச்சது'ன்னு சொல்லணும். எனக்கு அது போதும்."

நான் நான்காவது கையைச் செய்தேன். மணிக்கட்டில் அக்கா மூன்று பச்சை வளையல் எழுதினார். அது சூளைக்குப் போய் வரும் வர்ணம், ஆயுசுக்கும் அழியாது. அந்த வாரம் அது விரிசல் இல்லாமல் வந்தது. மடக்கினால் கதவோடு கச்சிதமாக உட்கார்ந்தது. முட்டிப் பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். உரசும் இடத்தில் வர்ணமே வேண்டாம் என்று விட்டுவிட்டு, தகரம் தெரிவதையே கொலுசுபோல் காட்டி ஓரம் எழுதினார். கடைசியில் கண் எழுதினார். அத்தனை வருஷத்தில் அவர் எழுதிய கண்களில் அதுபோல் ஒன்றை நான் பார்த்ததில்லை. நெற்றியில் பொட்டோடு அந்த லாரிக்காரி, வழியில் நிற்பவனை விலகச் சொல்வதுபோல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். நானும் சாப்பிட வர வேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டிருந்தார். சாட்சிக்கு ஆள் வேண்டும் அல்லவா. சாப்பாடு முடிந்ததும் தமிழ்ச்செல்வி பொம்மையைக் கொண்டுவந்து மாமன் மடியில் வைத்தாள்.

"அடேயப்பா! இது எங்க வாங்கினது?"

அக்கா என்னைப் பார்த்தார். ஆறு வாரத்தில் அவர் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். அண்ணன் அதை மடக்கினார். நிமிர்த்தினார். வளையல் கையைத் தடவினார். வலது கையைத் தூக்கினார். அப்படியே நிறுத்தினார்.

"இது நான் பூசினது" என்றார்.

"என்னாது?"

"இந்தச் செவப்பு. கப்பலுக்கு நாங்க அடிக்கிற பெயின்ட்டு, எனக்குத் தெரியாதா? நான் வேல பாக்குற எடத்துல இது குப்பையில கெடந்துச்சிம்மா. கலரே இல்ல. எடுத்தாந்து நாலு ஞாயித்துக்கெழம குந்திப் பூசினேன். நமக்குக் கப்பலுதான் வரும், சின்னதுக்குக் கை வரல. பிரஷ்ஷு மயிரெல்லாம் ஒட்டிக்கிச்சி." அவரே சிரித்தார். "நீ சொரண்டி எடுத்தது நல்லதாப் போச்சி. இப்பதான் பாக்குற மாதிரி இருக்குது."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"நான் பூசினேன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலச்சிருக்கலாமில்ல?"

"சொல்லுற மாதிரியா இருந்துச்சி அது?"

"பொண்ணு பொறந்தத நான் ஆள வச்சி எழுதிப் போடலியா? பையன்னு கேக்குற!"

"வந்துச்சிம்மா காயிதம். எனக்கு எங்க படிக்கத் தெரியும்? கூட இருந்தவன், 'ஒன் தங்கச்சிக்குப் புள்ள பொறந்திருக்குது'ன்னு படிச்சான். நான் பையன்னு நெனச்சிட்டேன். ஆத்தா செத்த காயிதத்த ரெண்டு மாசம் கழிச்சி ஒருத்தன் படிச்சிக் காட்டினான். அதுக்கப்பறம் ஒன் மூஞ்சியில எப்பிடி முழிக்கிறதுன்னுதான் வரல."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அக்கா அண்ணனோடு கூடவே நடந்தார். கப்பலுக்குப் போக அவர் ஏறிய சேத்தியாத்தோப்பு பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு எழுத்து போடுறதுக்கு ஆளா இல்ல அந்த ஊர்ல?" என்று அவரைத் திட்டிக்கொண்டே பஸ்ஸோடு நாலடி நடந்தார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் தன் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். அந்தச் சிவப்புத் தூளை.

"கூட்டிட்டாங்களா?"

"ஆறு வாரமாச்சி அக்கா."

தூரிகையின் காம்பைக் கடித்துக்கொண்டார். பிறகு, "கலியமூர்த்தி, ஒரு காயிதம் எழுது" என்றார். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பாரே தவிர, எழுத வராது. சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்ல நான் எழுதினேன். முதல் கடிதம் முழுக்க வசவு. அடுத்ததில் பாதி வசவு. பிரஷ்ஷை எப்படி ஊறவைத்தால் முடி உதிராது என்று மீதிப் பாதி. அங்கே யாரோ படித்துக் காட்ட, யாரோ பதில் எழுதினார்கள். அதன்பிறகு மாதம் தவறாமல் கடிதம் போயிற்று, வந்தது. ஒருமுறை ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் உள்ளங்கை அகலத் தகரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதில் சிவப்பு பூசியிருந்தார். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு மயிரு இருக்குது" என்றார். அதை எழுதச் சொன்னார், எழுதினேன்.

வருகிற பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று சென்ற மாதம்தான் பதில் வந்தது. அக்கா படுக்கையில் இருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. "அண்ணன்கிட்ட சொல்லாத. நான் எழுந்துக்குறேன்" என்றார். நான் எழுதவில்லை. அதற்காக என்மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது. தந்தி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மணிமுத்தாற்றங்கரையில் அண்ணன் இல்லாமலே இறுதிச் சடங்கு நடந்தது.

நேற்று மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். தமிழ்ச்செல்வி விமானக் கடிதத்தாள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"நானே எழுதுறேன் மாமா. இங்கிலீஷ்ல அட்ரஸ் மட்டும் நீங்க எழுதுங்க."

கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மூன்று பக்கமும் நிரப்பினாள். மடித்து என்னிடம் நீட்டினாள். சிங்கப்பூர் முகவரியைப் பார்க்காமலே எழுதும் அளவுக்கு எனக்குப் பழகியிருந்தது. திருப்பி, அனுப்புநர் என்ற இடத்தில் கொளஞ்சியம்மாள் என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. பெயரை அடித்துவிடப் போனேன்.

"இருக்கட்டும் மாமா" என்றாள். வாங்கி, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

இன்று காலை ஸ்டேஷன் வாசல் தபால் பெட்டியில் அதைப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் பெயரைத் தாங்கி ஒரு கடிதம் கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, அக்கா. நீங்களும் போய் வாருங்கள்.