சம்பந்தி கொடுத்த சிப்பாய்

என் பெண்ணுக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாவது தீபாவளி அது. தலை தீபாவளி பம்பாயில் எங்கள் மாட்டுங்கா வீட்டில் ஆகிவிட்டது. இந்த வருஷம் யார் வீட்டில்? சம்பந்தி செம்பூர்க்காரர், என்னைப் போலவே ரிட்டையர் ஆகிச் சும்மா இருப்பவர். வாட்ஸப்பில் செஸ் ஆடுவோம், ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல், ஜெயித்தவர் வீட்டுக்குக் குழந்தைகள் வரட்டும் என்றார். எனக்கு என் பெண் வந்தாக வேண்டும். சரி என்றேன்.

ஆரம்பிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. வெள்ளைக் காய் உங்களுக்குத்தான் என்றேன். சேச்சே, உங்களுக்குத்தான் என்றார். பெண்ணைக் கொடுத்தவன் முந்திக்கொள்ளலாமா? கடைசியில் மாப்பிள்ளை பொறுமை இழந்து, "சலோ நா அப்பா, நீங்களே ஆடுங்கோ," என்று அவரைக் கிளப்பிவிட்டார்.

ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை அவர் இரண்டு கட்டம் தள்ளினார். நானும் அப்படியே. மறுநாள் அதற்குப் பக்கத்துச் சிப்பாயைக் கொண்டுவந்து, இந்தா வெட்டிக்கொள் என்று வைத்தார். பழைய தூண்டில் அது, எனக்குத் தெரியாதா? தொடுவதில்லை என்று இருந்தேன். என் மனைவி போனை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, சம்பந்தி குடுத்ததை வேண்டாம்னா என்ன நினைச்சுப்பா?"

வெட்டினேன். அத்தோடு விட்டாளா? அவர்கள் வீட்டு டப்பாவை என்றைக்காவது வெறுமனே திருப்பி அனுப்பியிருக்கிறோமா என்றாள். சிப்பாய்க்குச் சிப்பாய் கொடுத்தால் கஞ்சத்தனமாம். நல்ல குதிரை ஒன்றை அவர் வெட்டத் தோதாக நிறுத்தினேன்.

அங்கேயும் ஒரு மாமி இருக்கிறாளே! குதிரைக்குப் பதில் யானை வந்தது. யானைக்கு நான் ராணியைக் கொடுத்தேன். அவரும் ராணியை அனுப்பினார். இப்படிச் சீர்வரிசை போய் வந்து, கடைசியில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சினார்கள். டிரா.

பெண் போன் செய்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையாப்பா? தீபாவளி சான்பாடால, எங்காத்துல. நாலு பேரும் வந்துடுங்கோ."

குர்லாவில் வண்டி மாறினோம். செம்பூரில் அவர்களும் ஏறிக்கொண்டார்கள். சான்பாடாவில் பெண் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சம்பந்தி ஒதுங்கி நின்று, "நீங்க முதல்ல," என்றார். சேச்சே, நீங்கதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே என் பெண் எதற்கோ சிரித்தாள். போனில் கேட்கிற சிரிப்பு வேறு, இது வேறு. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! பின்னால் மனைவி வேஷ்டியைப் பிடித்து இழுக்க இழுக்க, சம்பந்தியை இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.