கோல்டு பிளக்

பங்கிராசுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிளக்தான். ஹீட்டர் பிளக். டீசல் வண்டி காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தால், மனுசன் முதலில் கை வைப்பது அதில்தான். கரண்டு கொடுத்ததும் முனை செவசெவ என்று சிவக்க வேண்டும். எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. ராயப்பன்பட்டி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு டிராக்டரும் பம்புசெட்டும் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இதில் அவருக்கு ரெண்டாவது யோசனை கிடையாது.

வேலை தெரிந்த ஆள். பேச்சுதான் கொஞ்சம் முரடு. வீட்டிலும் அப்படித்தான். சம்சாரம் பாக்கியம் மகளுடைய பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள், பேரன் நடக்க ஆரம்பித்தும் திரும்பவில்லை. மகன் அருண் ஜோசப் கத்தாரில் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்ச்சி ஏற்றுகிற மிசின் பார்க்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் போடுவான். அம்மா சனிக்கிழமை அப்பாவுக்குப் போட்டு, "தம்பி நல்லா இருக்கானாம், ஒங்களையும் கேட்டான்" என்பாள். கேட்டானோ இல்லையோ, அவள் வாயால் ஒரு தடவை வந்துவிடும். பங்கிராசும் "ம்" என்பார். அப்பனும் மகனும் பேசிக்கொள்வது அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி பண்ணினார். அங்கே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அருண் காலேஜ் முடித்துக் கொஞ்ச நாள் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது வாங்கிய பொம்மை வண்டி. பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். நைட்ரோ டிரக் என்று சொல்ல வேண்டும். ரெண்டு முழம் நீளம், தேங்காய் சைசில் நாலு டயர், எலுமிச்சம்பழம் அளவில் நிசமான என்ஜின், பிஸ்டனும் கார்புரேட்டரும் இழுத்துக் கிளப்பக் கயிறும் எல்லாம் உண்டு. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று ஓட்டுவது. வாங்கி வந்த அன்றைக்கு அவன் சேக்காளிகள் முன்னால், "கழுதைக்கு ஆகுற வயசுல பொம்மை ஓட்டுறியாலே" என்று கேட்டார் பங்கிராஸ். அதோடு வண்டி பரணுக்குப் போனது.

எலி டயரைக் கடித்திருந்தது. தூக்கிப் போடவா வைக்கவா என்று பாக்கியத்திடம் கேட்டார். அவள் மகனிடம் கேட்டிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை பங்கிராசின் போன் அடித்தது.

"அப்பா, வண்டியை எறக்கிட்டீகளாம்ல. அம்மா சொன்னாக."

"எலி கடிக்குது. என்ன செய்யன்னு கேட்டேன்."

"போட்டுறாதீக. ஓட்டிப் பாருங்க."

"நானா?"

"ஒங்களுக்குத் தெரியாத என்ஜினா?"

பங்கிராஸ் போனைக் காது மாற்றி வைத்தார். இந்த மாதிரி ஒரு சொல் அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

மெட்ராசில் ஒரு கடையில் சொல்லி எண்ணெய் அனுப்புகிறேன் என்றான் மகன். பெட்ரோலும் இல்லை, டீசலும் இல்லை. ஏதோ சாராயமும் நைட்ரோவும் விளக்கெண்ணெயும் கலந்தது. அப்புறம் பிளக்கைப் பற்றிச் சொன்னான். "இது ஒங்க ஹீட்டர் பிளக்கு மாதிரிதான்ப்பா. ஆனா கெளம்புற வரைக்குந்தான் கரண்டு. எடுத்த பெறகும் உள்ள இருக்குற கம்பி தானே கனண்டுக்கிட்டு இருக்கும், அதுலதான் ஓடும். நம்மூரு வெயிலுக்குக் கோல்டு பிளக்தான் போடணும். டப்பாவுல கெடக்கும் பாருங்க."

பார்த்தார். டப்பாவுக்குள் நிலக்கடலை அளவில் பிளக்குகள். சிலது வெள்ளியாட்டம் வெள்ளை, சிலது தங்கமாட்டம் மஞ்சள். கோல்டு என்றால் மஞ்சள்தானே. தங்கம் கருக்காது, துரு ஏறாது, நம்ம ஊர் சித்திரை வெயிலையும் தாங்கும். பயல் வெவரமாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று மெச்சிக்கொண்டு, மஞ்சள் பிளக்கு ஒன்றை எடுத்து மாட்டினார்.

எண்ணெய் டின் அல்லிநகரத்து லாரி ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். ரோஸ் கலரில் சர்பத்து மாதிரி இருந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு வறண்டு கிடந்த கண்மாய்க்குள் இறங்கினார். ஊருக்குள் ஓட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள்.

கயிறு இழுத்தார். கிளம்பியது. கிளம்பி ரெண்டு ரவுண்டு போனதும் சத்தம் மாறியது. சட்டியில் கடுகு தாளிக்கிற மாதிரி சடசட என்று ஒரு வெடிப்பு. அப்படியே நின்றுவிட்டது. தொட முடியாத சூடு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கம்பியைக் காணோம், கருகி அறுந்து போயிருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. நடந்ததைச் சொன்னார்.

"கார்புரேட்டர் ஊசியைக் கால் திருப்பு தெறந்து விட்டீகளா?"

"விட்டேன்."

"பொகை வந்துச்சா?"

"பொகை வந்துச்சு. வெளக்கெண்ணெய் வாசம். பேதிக்குக் குடிச்ச மாதிரி இருந்துச்சு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். சோறு ஆறிப் போகிற வரைக்கும் பேசினார்கள். போனை வைத்த பிறகும் பங்கிராஸ் அதைச் சட்டைப்பைக்குள் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் இன்னொரு மஞ்சள் பிளக்கு. அதே கடுகுச் சத்தம், அதே சாவு. வெள்ளிக்கிழமை போன். அதற்கடுத்த வாரமும் அதே கதை. என்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவன் ரூமில் யார் சமைக்கிறார்கள், அங்கே வெயில் எப்படி, ரோட்டில் ஆள் நடமாட்டமே இருக்காதாமே என்று பேச்சு எங்கெங்கோ போனது. வியாழக்கிழமை வந்தால் பங்கிராஸ் கொட்டகையைச் சீக்கிரம் சாத்தினார். வெள்ளிக்கிழமைக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே, வண்டியைக் கண்மாய்க்குக் கொண்டு போவார்.

கண்மாய்க்குள் ஆடு மேய்க்கிற முத்துப்பேச்சி ஒரு நாள் கிட்டே வந்து நின்று பார்த்தாள்.

"எண்ணே, பேரப்புள்ளை எங்க?"

"திருப்பூர்ல."

"மகன்?"

"வெளிநாட்டுல."

"அப்ப யாருக்குண்ணே ஓட்டிக் காட்டுறீக? என் ஆட்டுக்கா?"

"ஒன் வேலையைப் பாரு ஆத்தா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஆடுகள் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தன.

வெயிலில் நின்றுவிட்டு ஐஸ் மோர் குடித்ததோ என்னவோ, மூக்கு அடைத்துக்கொண்டது. மருந்துக்கடைக்குப் போனார். கடையில் இருந்தது பெனிஷா, அவர் பங்காளி வீட்டுப் பிள்ளை.

"என்ன சித்தப்பா, கோல்டா?"

"என்னது?"

"கோல்டா, காச்சலான்னு கேட்டேன். மூக்கு ஒழுகுதுல்ல."

பங்கிராஸ் மேசைமேல் குனிந்தார்.

"கோல்டுன்னா தங்கமில்லையா?"

"தங்கம் வேணும்னா தேனிக்குப் போங்க. இங்கன மாத்திரைதான். கோல்டுன்னா குளிரு சித்தப்பா. குளிருல வர்ற சளிக்கும் அதே பேருதான்."

"தங்கத்துக்கும் குளிருக்கும் ஒரே பேரா?"

"இங்கிலீசுல வேற வேறதான். நம்ம வாய்க்குத்தான் ரெண்டும் ஒண்ணு" என்று மாத்திரையை மடித்துக் கொடுத்தாள் பெனிஷா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. குளிர் பிளக். வெயிலும் சூடு, எண்ணெயும் சூடு. அதில் சூடு ஏறுகிற பிளக்கைப் போட்டால் பிஸ்டன் மேலே வருவதற்குள் எண்ணெய் தானாக வெடிக்கும். கடுகுச் சத்தம் அதுதான். மஞ்சள் எல்லாம் சூட்டு பிளக்கு. வெள்ளைதான் குளிர். ஆயுசுக்கும் சூட்டையே நம்பின ஆளுக்கு இது எப்படித் தோன்றும்?

டப்பாவைத் திறந்து வெள்ளை ஒன்றை எடுத்தார். ஸ்பேனரையும் எடுத்தார். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாட்டினால் ஓடிவிடும். ஓடிவிட்டால் வெள்ளிக்கிழமை எதைச் சொல்வது?

வெள்ளைப் பிளக்கைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை மகன் கேட்டபோது, "அதே கதைதான்" என்றார். சொன்னபோது பிளக்கு பைக்குள் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

ஆனால் அவன் அன்றைக்கு வேறு மாதிரி பேசினான். "நானும் யோசிச்சுப் பாத்தேன்ப்பா. இத்தனை பிளக்கு போகுதுன்னா பிஸ்டனே அடி வாங்கியிருக்கும். விட்டுருங்க. நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்? கட்டிப் பரண்ல போட்டுருங்க."

"இன்னும் ஒரு வாட்டி பாக்குறேன்."

"பாருங்க. ஆகலைன்னா விட்டுருங்கப்பா."

மறுநாள் கண்மாய்க்குப் போனார். மாட்டியிருந்தது மஞ்சள்தான். கயிறு இழுத்தார், ஓடியது, கடுகு வெடிக்க ஆரம்பித்தது. அவர் காதுக்கு அது இப்போது வேறு மாதிரி கேட்டது. தெரியாமல் கெடுத்தது ஒரு கணக்கு. தெரிந்தே ஒரு என்ஜினை அடித்துக் கொல்ல அவருக்குக் கை வரவில்லை. ஓடிப்போய் எண்ணெய்க் குழாயை நெரித்து நிறுத்தினார். ஆறுகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மஞ்சளைக் கழற்றினார், கம்பி பிழைத்திருந்தது. அதை வேட்டி முனையில் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு, பைக்குள் இருந்த வெள்ளையை எடுத்து மாட்டினார்.

வண்டி பறந்தது. கண்மாய்க் கரையில் ஏறி இறங்கி, புழுதி கிளப்பி, வெள்ளைப் புகையை வால் மாதிரி இழுத்துக்கொண்டு போனது. தேனீக் கூட்டம் மாதிரி ஒரே சீரான சத்தம். டேங்கு எண்ணெய் தீர்கிற வரை ஓட்டினார். அன்றைக்குப் பார்த்து முத்துப்பேச்சியும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். தங்கம் என்று நினைத்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போச்சோ என்று பார்த்தால், பயல் மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"அப்பா... தங்கம்... வெயிலுக்குத் தங்கமா..."

"சிரிக்காதலே. தெளிவாச் சொல்லணும்."

"சரிப்பா, சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான் போல. "ஓடிருச்சுல்ல, அது போதும். தொடச்சு வைங்க. வரும்போது பாத்துக்கிறேன்."

"எப்ப வர்ற?"

"லீவு கேக்கணும்ப்பா."

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடிக்கவில்லை. சனிக்கிழமை பாக்கியம்தான் கூப்பிட்டாள். "ஏங்க, தங்கப் பிளக்கு போட்டீகளாமே. தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான், எனக்கும் வயிறு வலிச்சுப் போச்சு."

"ம்" என்றார் பங்கிராஸ்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அடிக்கவில்லை. வண்டி துடைத்த மேனிக்கு அலமாரிமேல் நின்றது. வியாழக்கிழமை கொட்டகையைச் சீக்கிரம் சாத்தக் காரணம் இல்லாததால் சாத்தவில்லை. டிராக்டர் ஒன்றுக்கு ஹீட்டர் பிளக்கு மாற்றினார். சிவந்தது. கிளம்பியது. கொண்டு போய்விட்டார்கள்.

ஆனி பிறந்தது. மேற்கே மலை மூடிக்கொண்டு கூடலூர்ப் பக்கமிருந்து காற்று இறங்கியது. சாரல் தூவத் தூவ ஊரே குளிர்ந்துபோனது. திராட்சைப் பந்தல்களில் தண்ணீர் சொட்டியது. பங்கிராசுக்கு என்ன தோன்றியதோ, ஒரு காலை நேரத்தில் வண்டியை எடுத்துக் கொட்டகை வாசலில் வைத்துக் கயிறு இழுத்தார். கிளம்பியது. பிளக்கு மேல் செருகியிருந்த கரண்டு பிடியை எடுத்தார். சத்தம் சோர்ந்தது. கம்மியது. நின்றது. மறுபடி இழுத்தார். பிடி இருக்கிற வரை ஓடுகிறது, எடுத்ததும் செத்துப்போகிறது.

அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலுக்குக் குளிர் பிளக்கு. குளிருக்கு? உள்ளே கம்பி கனல மாட்டேன் என்கிறது. சூட்டு பிளக்கு கேட்கிறது. டப்பாவில் மஞ்சள் ஒன்று பிழைத்துக் கிடக்கிறது. எடுத்து மாட்டினால் தீர்ந்தது.

எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். இத்தனை வருசத்தில் அவராக மகனுக்குப் போட்டது கிடையாது. பேரைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமானது.

"அப்பா? என்னாச்சுப்பா? அம்மாவுக்கு ஏதும்..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. இங்கன சாரல் விழுது."

"சரி..."

"கரண்டை எடுத்தா வண்டி நின்னுருது."

அந்தப் பக்கம் மிசின்களின் இரைச்சல் கேட்டது. யாரோ இந்தியில் கத்தினார்கள்.

"எந்த பிளக்குப்பா போட்டிருக்கீக?"

"நீ சொன்ன கோல்டுதான்."

இரைச்சலுக்கு நடுவே லேசாக ஒரு சிரிப்பு கேட்டது. கேட்ட மாதிரி இருந்தது.

"அப்பா, ட்யூட்டில இருக்கேன். சாயங்காலம் கூப்பிடுறேன். அதுவரைக்கும் ஒண்ணும் மாத்திறாதீக, என்ன?"

"மாத்தல."

போன் வைத்துவிட்டான். பங்கிராஸ் மஞ்சள் பிளக்கைச் சட்டைப்பைக்குள் போட்டார். வெளியே சாரல் கனத்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. பையன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். வண்டியைத் தார்ப்பாயில் மூடி, உள்ளே நகர்த்திவிட்டு, போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். ஸ்பேனரை மட்டும் எட்டாத உயரத்தில் எடுத்து வைத்தார்.