மாசி மாதத்து மரியாதை

ஐம்பதுகளின் கடைசியில் நான் இலங்கைத் தேயிலை மலையில், ஹட்டனில் நன்னடத்தை அதிகாரி. தண்டனை பெற்றவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துத் திருத்துவது என் உத்தியோகம். யாரைத் திருத்த வேண்டும் என்பதில்தான் நீதிமன்றத்துக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அவள் பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு சேலையைத் திருடி அகப்பட்டவள். இன்று திருநங்கை என்கிறோம். அன்று தோட்டத்தில் வழங்கிய சொல்லை எழுத எனக்கு இஷ்டமில்லை. என் மேற்பார்வையில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் தங்கித் தோட்ட வேலை செய்துகொண்டு ஒழுங்காக இருந்தால் சிறை இல்லை என்றார் நீதவான்.

விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது அங்கேதான். அவள் கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையில் கடைசியாக நிற்பாள். பெரிய கங்காணி அவள் பெயரை மட்டும் கூப்பிடமாட்டார். நான் நேரில் போய்க் கேட்டேன்.

“வேட்டியக் கட்டிக்கிட்டு ஆம்பள வரிசையில நிக்கட்டுங்க, செடி கவ்வாத்து வெட்ட அனுப்புறேன். பொம்பளைங்க மலையில இதுக்கு என்னாங்க வேல?”

தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனேன். கங்காணிக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு அவர் நாய்க்கு பிஸ்கட் போட்டார். அந்த நாய்க்குப் பெரட்டு கிடையாது.

மாசி பிறந்தது. காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுவது எப்போதும் ஆண்கள்தான். அந்த வருடம் கட்ட வேண்டியவன் காலை முறித்துக்கொண்டான். அதே கங்காணி என்னிடம் பல்லை இளித்துக்கொண்டு வந்தார்.

“அது கட்டுனா அம்சமா இருக்குமுங்க. ஐயாதான் உத்தரவு குடுக்கணும்.”

கொடுத்தேன். இவர்கள் மனம் மாறும் என்று நம்பிய மடையன் நான்.

ரதி லயம் லயமாக வந்தாள். வாசலுக்கு வாசல் ஆரத்தி. கங்காணியின் மனைவி நோஞ்சான் பேரனை அவள் காலடியில் கிடத்தித் திருநீறு பூசச் சொன்னாள். கங்காணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், தொப்பை இடம்கொடுத்த மட்டும்.

காமனை எரித்த மறுநாள் அவள் கூடையோடு பெரட்டுக்கு வந்தாள்.

“கூத்து முடிஞ்சிருச்சில்ல? போ, போய் வேட்டியக் கட்டு” என்றார் கங்காணி.

“சாமின்னு கால்ல விழுந்தீங்களே ஐயா, ஒரு கூட கொழுந்து எடுக்க விடமாட்டீங்களா?”

எதிர்த்துப் பேசிவிட்டாளாம். வேலை செய்யாதவளுக்கு லயம் எதற்கு என்று அவள் தங்கியிருந்த காம்பராவையும் பூட்டிவிட்டார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் படுத்திருந்தவளைப் போலீஸ் பிடித்தது. வேலையும் இல்லை, இருப்பிடமும் இல்லை, நிபந்தனையை மீறிவிட்டாள் என்றார் நீதவான். வேலை கொடுக்காதவன் யார் என்று எழுந்து கேட்டேன். உட்காரச் சொன்னார். அவளை ஆண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த மாசியில் கங்காணி என் கந்தோருக்கு வந்து, தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பவ்வியமாக நின்றார்.

“ரதிக்கு ஆளு அமையலீங்க. அத ஒரு பத்து நாளைக்கு மட்டும் வெளிய எடுத்துக் குடுக்க முடியுங்களா? கூத்து முடிஞ்சதும் நாங்களே கொண்டாந்து விட்டுர்றோமுங்க.”