மிளகு மட்டும் மிஞ்சிய டின்

எங்கள் வீட்டுக் கற்பூரம் காணாமல் போனதற்கு அம்மா போட்ட கூச்சலில் கோலா சாவா எஸ்டேட்டின் தொழிலாளர் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. ஊரடங்கால் மாரியம்மன் திருவிழாவைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். வேண்டுதலுக்கு வாங்கிய கற்பூரம் பால்மாவு டின்னில் மாதக்கணக்காகக் கிடந்தது. அம்மா திறந்து பார்த்தால், மடித்த காகிதங்கள் மடித்தபடியே இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. கரையாமலிருக்கப் போட்ட மிளகு மட்டும் அடியில் உருண்டது.

"மொளகு போட்டா கற்பூரம் கரையாது. எவளோ எடுத்திருக்கா. எடுத்துட்டு பேப்பர மடிச்சி வேற வச்சிருக்கா பாரு, கைகாரி!"

சொல்லும்போது அவள் பார்த்தது அண்ணியை. கோலா பிலாவிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"கோயில்ல வந்து கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு."

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லும் சத்தியம் அது. பொய்யென்றால் குடும்பம் விளங்காது என்று எல்லாருக்கும் பயம்.

"செய்யாததுக்கு நான் ஏன் சத்தியம் பண்ணணும்?" என்றாள் அண்ணி. அவ்வளவுதான், அவளே திருடி என்று ஆகிவிட்டது. அண்ணன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. மகளை வந்து அழைத்துப்போகச் சொல்லி அவள் அப்பாவுக்கு ஆள் போனது.

அவர் வரவேண்டிய நாளில் நான் சிரம்பானில் வேதியியல் வகுப்பில் இருந்தேன். ஆசிரியர் கரும்பலகையில் கவட்டைக் கம்பு போல மூன்று கோடுகள் போட்டார். இடப்பக்கம் திடம், நடுவில் திரவம், மிச்சமெல்லாம் வாயு. கோடுகள் கூடும் புள்ளிக்குக் கீழே திரவத்துக்கு இடமே கிடையாது, திடம் நேராக ஆவியாகிவிடும் என்றார். உதாரணம் கற்பூரமாம். மூடிய பாத்திரத்தில் ஆவி நிறைந்ததும் நின்றுவிடும், திறப்பு இருந்தால் தீரும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் டின்னில் ஓட்டை இருந்தது. உணவு கெடாமல் காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடக்கூடாதென்று, கடைக்காரர் எந்த டின்னையும் ஆணியால் குத்தித்தான் விற்பார். அதுதான் சட்டம்.

பள்ளி விட்டதும் பஸ் பிடித்து ஓடினேன். எஸ்டேட் கேட்டில் என் பையைக் கொட்டி நிதானமாகச் சோதித்த காவலாளியைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. வீட்டில் அண்ணியின் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணிமூட்டை தயாராக இருந்தது.

டின்னை எடுத்து மூடியைத் திருப்பினேன். உட்புறம் வெள்ளைப் பொடி மினுமினுத்தது. ஏறிய ஆவியில் கொஞ்சம் அங்கே படிந்திருந்தது. இத்தனை நாளும் ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. சுரண்டித் தட்டில் குவித்து நெருப்பு வைத்தேன். கற்பூர வாசம் வீடெங்கும் பரவியது.

"யாரும் எடுக்கலம்மா. தானா ஆவியாகி இந்த ஓட்டை வழியா போயிருக்கு."

அம்மா டின்னை வாங்கி ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "தெரியாம சொல்லிட்டேம்மா" என்று அண்ணியின் கையைப் பிடிக்கப் போனாள்.

அண்ணி கையை விலக்கிக்கொண்டு தட்டருகே குனிந்தாள். அந்தச் சின்னத் தீயை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

"சத்தியமா இனிமே இந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கமாட்டேன்."

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு கேட்டை நோக்கி நடந்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் அப்போதும் எழுந்திருக்கவில்லை.